ஜெப்ஸியின் பி.டி. பீரியட்

கணக்கு டீச்சருக்குப் போர்ஷன் முடியவில்லை என்றால் யாருடைய பீரியட் பறிபோகும்? தமிழய்யாவின் பீரியடில் கைவைக்க முடியாது, அவர் நேரே ஹெட்மாஸ்டர் ரூமில் போய் நிற்பார். சயின்ஸ் டீச்சர் சண்டைக்கே வந்துவிடுவார். மிச்சமிருக்கிற இளிச்சவாய் பி.டி. டீச்சர்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் பிள்ளைகளின் எதிர்காலம் என்பார்கள். அந்த எதிர்காலத்துக்குள் பிள்ளைகளின் முதுகெலும்பும் வரும் என்று எந்தக் கணக்கு டீச்சருக்கும் இதுவரை தோன்றியதில்லை.

முத்தையாபுரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஜெப்ஸி இருபது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தாள். விசில் கழுத்தில், பந்து கக்கத்தில், எட்டாம் வகுப்பு வாசலில் போய் நிற்பாள். உள்ளே கிருபை டீச்சர் போர்டில் அல்ஜீப்ரா எழுதிக்கொண்டிருப்பார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"ஏளா ஜெப்ஸி, இன்னைக்கு ஒருநா உன் பீரியடத் தா. போர்ஷன் முடியல."

அந்த ஒருநாள் இருபது வருஷம் நீண்டது. ஜெப்ஸிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அவளும் நாசரேத்துக்காரி, டீச்சரும் நாசரேத்துக்காரர். துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிற டிக்சனை அவளுக்குப் பேசி முடித்து வைத்தவரே டீச்சர்தான். மாப்பிள்ளையே பார்த்துக் கொடுத்தவருக்கு ஒரு பீரியடைத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பந்தைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடிப்பாள். "உங்களுக்கென்ன, ஜாலியான வேல" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அழுகை வரும்.

கிருபை டீச்சரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர்தான் ஜெபிப்பார். தேன் மாதிரிக் குரல். வகுப்பில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை, அது ஆண்டவருக்கென்று தனியாக எடுத்து வைத்தது. கேட்கக் கேட்கச் சுகம்தான், ஆனால் முடியாது. டீச்சர் ஜெபத்துக்கு எழும்பிவிட்டால், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்தவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகவும் முடியாது. எங்கள் பக்கத்தில் ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறப்பதே தப்பு, குறுக்கே பேசுவதை யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். ஆமென் வருகிற வரைக்கும் குக்கர் விசில் அடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்படி இருக்கையில் ஜெப்ஸிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நீளம் தாண்டுகிற குழிக்கு மணல் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் தானே மண்வெட்டியை எடுத்திருக்கிறாள். அன்றைக்குக் குனிந்தவள் நிமிரவில்லை. டவுனில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் மாத்திரையைக் குறைத்துவிட்டு, பாயில் படுக்கவைத்துச் சில அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தாள். இதற்குப் பேர் பிலாட்டீஸ் என்றாள். சபையில் பாதிப் பேர் இந்தப் பேரைக் கேட்டதும் பைபிளில் பிலாத்து கைகழுவின கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் நாலைந்து பேருக்கு ஜெப்ஸியும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் முதுகு சரியாகிவிட்டது. அதோடு அவளுக்குப் பைத்தியமும் பிடித்துவிட்டது. இருபது வருஷமாக ஓடு, தாண்டு, எறி என்று கத்தியவளுக்கு, ஒருத்தரை அசையாமல் படுக்கவைத்து மூச்சை விலா எலும்புக்குள் அனுப்பச் சொல்லி, இடுப்பு எங்கே இருக்கிறது என்று அவரையே தேடவைக்கிற இந்த வேலை புதுசாக இருந்தது. யாரும் ஜெயிக்க வேண்டாம், யாருக்கும் கப் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, அந்த ஒரு மணி நேரத்தை யாரும் வாசலில் வந்து நின்று கேட்கமாட்டார்கள் என்பதுதான்.

பள்ளியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு மதுரையில் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை விடியற்காலையில் அவளை பஸ் ஏற்றிவிடுவது டிக்சன்தான். ஏற்றிவிடுகிறவர் சும்மா இருக்கமாட்டார்.

"முத்துக்குளிச்ச ஊருளா இது. கடலுக்கடியில மூச்ச அடக்குனவனுக்கே எவனும் சர்டிபிகேட் குடுக்கல. நீ மூச்சு விடச் சொல்லிக்குடுக்க சர்டிபிகேட்டா?"

"அவன் அடக்குனதாலதான் சீக்கிரம் போய்ச் சேந்தான். பஸ் எடுத்தாச்சி, இறங்குங்க."

சர்டிபிகேட் அவளுக்கு உயிர்போகிற விஷயம். பள்ளி கரஸ்பான்டன்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஜூனில் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம். இந்தப் பக்கம் இசக்கிராஜா. துறைமுக ரோட்டில் கயிறும் பெயின்ட்டும் போல்ட்டும் விற்கிற கடைக்காரர். கடைக்கு மேல் ஒரு ஹால் சும்மா கிடந்தது. அவர் மனைவி உமாராணி, மகள் கல்யாணத்துக்குள் தன் இடுப்பு குறைய வேண்டும் என்ற ஆசையில் ஜெப்ஸியை விடவே இல்லை. பழகிப் பார்க்க ஹாலைக் கொடுத்தார்கள், நிரந்தரமாகக் கொடுக்க மாத்திரம் இசக்கிராஜா ஒரு கண்டிஷன் போட்டார்.

"சர்டிபிகேட்ட பிரேம் போட்டு சுவத்துல மாட்டுங்க டீச்சர், அப்புறம் ஹால் உங்களுக்குத்தான். அது இல்லாம எவளாவது இடுப்பு புடிச்சிக்கிட்டான்னு வையுங்க, அவ புருஷன் என் கடையிலல்லா வந்து நிப்பான்."

ஆக, பாஸானால் ஹால். ஃபெயிலானால் ஜூன் மாதம் விசில், பந்து, எட்டாம் வகுப்பு வாசல். கிருபை டீச்சர் ரிட்டையர் ஆகிவிட்டார் என்றாலும், அவருக்கு அடுத்து வந்த கணக்கு டீச்சர் முதல் வாரத்திலேயே அந்த வசனத்தைப் பாடம் பண்ணிவிட்டாள்.

முதல் தடவை ஜெப்ஸி ஃபெயில். சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து வருகிற மாளவிகாதான் தேர்வும் வைக்கிறவள். சின்ன வயசு, மெலிந்த உடம்பு, சத்தமே இல்லாமல் பேசுவாள். அவள் முன்னால் மதுரை ஹாலில் ஜெப்ஸி ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். காட்டினாள். "ரெடி! காலைத் தூக்கு! ஒன், டூ, த்ரீ, ஃபோர்! மூணாவது பாயி, முட்டை மடக்காத!" மூன்றாவது பாயில் படுத்திருந்தது ஒரு டாக்டர் மனைவி. வகுப்பு முடிவதற்குள் ஜெப்ஸியின் கை மூன்று தடவை கழுத்துக்குப் போய் இல்லாத விசிலைத் தேடியது.

மாளவிகா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஜெப்ஸி, உங்களுக்கு உடம்பு நல்லாத் தெரியுது. யாரு எங்க தப்புப் பண்றாங்கன்னு என்னைவிட சீக்கிரம் பாக்கறீங்க. ஆனா நீங்க ஆர்டர் போடறீங்க. அவங்க போலீஸ் செலெக்ஷனுக்கு வரல. கேளுங்க, கூப்பிடுங்க, கெஞ்சினாக்கூடத் தப்பில்ல. ஒரு தடவைகூட ஆர்டர் இருக்கக் கூடாது. இன்னும் ஒரே ஒரு சான்ஸ். மே மாசம் உங்க ஊருக்கே வரேன். உங்க ஆளுங்களையே வச்சு நடத்துங்க. அதுல ஒருத்தராவது முதுகுப் பிரச்சினை உள்ளவங்களா இருக்கணும்."

மென்மையான குரலுக்கு ஜெப்ஸி எங்கே போவாள்? வீட்டில் பழகிப் பார்த்தாள். ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு, "என்னங்க... மெதுவா... சாப்பிட வாரியளா..." என்றாள். டிக்சன் எழுந்து வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் பயந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஐக்கிய சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. கிருபை டீச்சர் எழும்பி, "நாம எல்லாரும்... அப்படியே கண்கள மூடி... இருக்கிற எடத்துலயே நம்மள ஒப்புக்கொடுப்போம்" என்று ஆரம்பித்தார். சுற்றிலும் பார்த்தாள். பார்க்கக் கூடாதுதான், பார்த்தாள். அத்தனை பேர் தோளும் இறங்கியது. தாடை தளர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே பிறந்த ஒரு அம்மாவின் முகம்கூட இளகியது. மாளவிகா கேட்டது இதைத்தானே? அன்றிலிருந்து ஜெப்ஸி அந்தக் குரலை இழுப்போடும் தேனோடும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த மென்மை உலகத்தில் அது ஒன்றுதான். வகுப்பில் பேசிப் பார்த்தாள். உமாராணியும் பழக வருகிற சபைப் பெண்கள் நாலு பேரும் வெண்ணெயாக உருகினார்கள்.

முதுகுப் பிரச்சினை உள்ள ஆள் வேண்டுமே. அதற்கும் கிருபை டீச்சரிடம்தான் போனாள். டீச்சருக்கு எலும்புத் தேய்மானம், குனிந்தால் டாக்டர் திட்டுவார்.

"வாரேன்ளா. நான் வராம ஒனக்கு வேற யாரு இருக்கா" என்றார் டீச்சர். அவர் வந்து பழகியது ஓரிரு வகுப்புதான். நல்லபடியாகவே செய்தார். பாயை எடுத்துக்கொண்டுபோய் முன்வரிசை நடுவில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மே மாதம் மாளவிகா வந்து இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஹாலின் ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. கீழே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தன. ஆறு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உமாராணிக்கு வாய் மூடவில்லை. "யக்கா, இந்தப் பிள்ள என்ன சாப்பிடும்னு கேளுங்க. இந்த இடுப்பு எனக்கு எந்தக் காலத்துல இருந்துச்சி. யக்கா, கொசுவத்தைச் சொருவத்தான் இடம் இருக்குமா அதுல?" என்று ஒரே பேச்சு. மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். பரீட்சை ஜெப்ஸிக்குத்தான் என்றாலும் பயந்து உட்கார்ந்திருந்தது அவர்கள்.

மாளவிகா மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒரு மணி நேரம். உங்க முழு வகுப்பையும் பாக்கணும். பாதியில நின்னா மார்க் போட முடியாது. எல்லாரும் கொஞ்சம் டென்ஷனா இருக்காங்க போல. முதல்ல ஒரு நிமிஷம் கண்ணை மூடி உக்காரச் சொல்லுங்களேன்" என்றாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பழகிய வகுப்புகளில் ஜெப்ஸி கண்ணை மூடச் சொன்னதே இல்லை, நேராகப் பாயில் படுக்கச் சொல்லிவிடுவாள். இன்றைக்குத் தேர்வு வைக்கிறவளே சொல்லும்போது என்ன செய்வது? குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"நாம எல்லாரும்... அப்படியே கண்கள மூடி... இருக்கிற எடத்துலயே..."

அவ்வளவுதான் சொன்னாள். கிருபை டீச்சரின் தலை தானாகக் கவிழ்ந்தது. முக்காடு தானாகத் தலைக்கு ஏறியது.

"எங்களை அதிகமாய் நேசிக்கிற நல்ல பரம தகப்பனே" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குரலில் அந்த வார்த்தையைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அடுத்து நடப்பது இதுதான். கூட்டத்தில் மூத்தவர் யாரோ அவர் எடுப்பார். அதைத்தான் டீச்சரும் செய்தார். மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்தார்கள். உமாராணி வேறு சாமிக்காரி, ஆனாலும் கைகுவித்துவிட்டாள். கும்பிடுகிற நேரத்தில் எந்தச் சாமி என்று விசாரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடாகோடி ஸ்தோத்திரம். பரீட்சை எழுதுகிற உம்முடைய பிள்ளை ஜெப்ஸிக்கு நல்ல ஞாபகசக்தியைக் கட்டளையிடும். பிரயாணப்பட்டு வந்திருக்கிற இந்தச் சென்னை மகளை ஆசீர்வதியும். அவளுக்கு ஏற்ற வரனைச் சீக்கிரமாய்க் கொண்டுவாரும்."

மாளவிகாவின் பேனா நின்றது.

டீச்சர் நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் போனார், டிக்சனையும் அங்கே சரக்கு ஏற்றுகிறவர்களையும் ஆசீர்வதித்தார். கடலுக்குப் போனவர்களைக் கரைசேர்த்தார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை ஊர் ஊராகச் சொல்லிக் காத்தார். "வறண்ட பூமிக்கு மழையைத் தாரும், ஆனாலும் இந்த சீசன் முடிகிறவரைக்கும் உப்பளங்களுக்கு மேல் ஒரு துளியும் விழாதபடி மேகங்களுக்குக் கட்டளையிடும்" என்றார். கீழே நடக்கிற கடையின் வியாபாரத்தைப் பெருக்கும்படி கேட்டபோது உமாராணி, "ஆமா சாமி" என்று உருகினாள்.

ஜெப்ஸி ஒரு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தின் பெரிய முள் கால்வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மாளவிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஜெப்ஸியைப் பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள். டீச்சரோ இன்னும் வியாதிப்படுக்கையில் இருக்கிறவர்களுக்கே வரவில்லை. அவர்கள் பேரெல்லாம் டீச்சருக்கு மனப்பாடம்.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டாம் வகுப்பு வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது ஜெப்ஸிக்கு. அதே ஆள், அதே நடு இடம். திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் ஒரு மணி நேரம் கண்ணெதிரே போகிறது. வருஷம் பூராவும் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ்ஸில் தூங்கி விழுந்து படித்த படிப்பு போகிறது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணீரும் வந்தது. கண்ணை மூடியிருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஜெபத்தில் உருகுகிற மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

சத்தமாக ஒரு ஆமென் போட்டால் ஜெபம் நின்றுவிடும். ஆனால் கிருபை டீச்சரின் ஜெபத்தைப் பாதியில் வெட்டினவள் என்ற பேர் அவள் பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். போடாவிட்டால் ஜூனில் விசில். இரண்டுக்கும் நடுவே தவித்துக்கொண்டு நின்றவள், பழக்கதோஷத்தில் டீச்சரின் தோளைப் பார்த்தாள்.

டீச்சருக்கு மேல்மூச்சு. மூச்சை இழுக்கும்போது தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறும், நெஞ்சோடு நின்றுவிடும், விலாவுக்கு இறங்கவே இறங்காது. இதைத் திருத்த வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே ஜெப்ஸி குறித்து வைத்திருந்தாள். அவ்வளவு நீள ஜெபத்துக்கு இவ்வளவு குட்டி மூச்சு. அதனால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நடுவே தோள் ஏறும், ஒரு இடைவெளி விழும். மற்றவர்கள் அந்த இடைவெளியில்தான் "ஸ்தோத்திரம்" போடுவார்கள். சபை வழக்கப்படி அந்த இடைவெளியில் வேறொருவர் ஜெபத்தை எடுத்துத் தொடரவும் செய்யலாம். கிருபை டீச்சரிடம் அப்படி யாரும் இதுவரைக்கும் எடுத்ததில்லை.

ஆண்டவரை வைத்து வேலை வாங்குவது பாவமோ என்று ஒரு விநாடி யோசித்தாள். பாவமென்றால் வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினாள். டீச்சரின் தோள் ஏறியது.

"ஆம் நல்ல தகப்பனே" என்று ஜெப்ஸி உள்ளே நுழைந்துவிட்டாள். தேன் குரல்தான். "இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் நீர் பார்க்கிறீர். இப்பொழுதும் ஆண்டவரே, இவர்கள் முழங்காலை மடக்கி, பாதத்தைப் பாயில் பதித்து, முதுகெலும்பை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பாயிலே இறக்கும்படி உதவி செய்யும். விசேஷமாய் எலும்புத் தேய்மானத்தோடு இருக்கிற எங்கள் டீச்சரை நினைத்தருளும். அவர்கள் குனியாதபடி, பக்கவாட்டில் ஒருக்களித்து, கையை ஊன்றிப் படுக்கும்படி பெலன் தாரும்."

ஜெபத்துக்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியாதே. நாலு பேரும் மெள்ள மெள்ள முதுகை இறக்கினார்கள். உமாராணியும் இறங்கினாள். கடைசியில் கிருபை டீச்சர் முக்காடு கலையாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி, படுத்தார். மூலையில் மாளவிகா எழுத ஆரம்பித்தாள்.

அப்புறம் ஜெப்ஸியைப் பிடிக்க முடியவில்லை. பாய்களுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே ஜெபித்தாள். "தகப்பனே, மூச்சு விலாவின் இரண்டு பக்கமும் விரியும்படி செய்யும். தோள்கள் காதைத் தேடிப் போகாதபடி அவைகளுக்குத் தாழ்மையைத் தாரும்." டீச்சரின் தோள் இறங்கியது. அந்தத் தோள் இறங்கி ஜெப்ஸி பார்த்ததே இல்லை. "உமாராணியின் முழங்கால் உள்பக்கமாய்ச் சாய்கிறதை அறிவீர். அதை நேராய்க் காத்துக்கொள்ளும்." முழங்கால் டக்கென்று நேரானது. இடுப்பைத் தூக்குகிற பயிற்சிக்கு வந்தபோது, "தாழ்ந்தவர்களை உயர்த்துகிறவரே, இந்த இடுப்புகளையும் உயர்த்தும்" என்றாள். ஆறு இடுப்பும் உயர்ந்தன. "உயர்த்தினதைத் திடீரென்று கைவிடாமல், எலும்பு எலும்பாய் இறக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிலாட்டீஸில் ஹண்ட்ரட் என்று ஒன்று உண்டு. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையை மேலும் கீழும் நூறு தரம் தட்ட வேண்டும். ஐந்து தட்டுக்கு மூச்சை இழுப்பது, ஐந்து தட்டுக்கு விடுவது. மதுரையில் அதைச் செய்யச் சொன்னால் பாதியில் எல்லாரும் கையைப் போட்டுவிடுவார்கள். இங்கே ஜெப்ஸிக்கு அந்தக் கவலையே இல்லை. நூறு ஸ்தோத்திரம் சொல்லிப் பழகின சபை இது.

"இழுக்கிறபோது மனசுக்குள்ளும் விடுகிறபோது வாய்விட்டும் உம்மை நூறு தரம் துதிக்க இவர்களுக்குக் கிருபை செய்யும். அவரவர் பெலத்துக்குத் தக்கதாய், டீச்சரும் அவர்களைப் போலுள்ளவர்களும் தலையைப் பாயிலேயே வைத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளும்."

ஹால் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மூச்சாகக் கேட்டது. ஒருத்தர் கையும் நிற்கவில்லை. பேசாமல் ஒரு வகுப்பு முழுக்க உமாராணி கிடந்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான். கீழே என்னவோ ஏதோ என்று இசக்கிராஜா மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

கிருபை டீச்சர் லேசுப்பட்டவரா? நடுவே இரண்டு மூன்று தடவை, "மேலும் ஆண்டவரே" என்று வாயைத் திறந்தார். ஜெப்ஸி அவர் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலா விரிகிறது என்று தெரிந்ததும் அடுத்த காலைத் தூக்கும்படி விண்ணப்பித்துவிடுவாள். காலைத் தூக்கிக்கொண்டு ஜெபிக்க எவருக்கும் மூச்சுப் போதாது. டீச்சரின் வார்த்தை "மேலு" என்பதோடு நின்று, ஸ்தோத்திரமாக வெளியே வந்தது.

கடிகார முள் சுற்றி முடிக்கிற நேரத்துக்கு ஜெப்ஸி எல்லாரையும் எழுப்பி உட்காரவைத்தாள். டீச்சரை மறுபடியும் ஒருக்களித்தே எழுப்பினாள். "இந்த ஒரு மணி நேரத்தை எனக்கே எனக்கென்று தந்ததற்காக ஸ்தோத்திரம்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சும்மா சொல்லவில்லை. "கேட்டதையெல்லாம் பெற்றுக்கொள்ளும்படி ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்."

"ஆமென்" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது உமாராணிதான். உடனே, "யக்கா, நடுவுல எனக்கு எலும்பெல்லாம் தெரிஞ்சிச்சிக்கா" என்று பேச்சை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

மாளவிகா எழுந்து வந்தாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று ஜெப்ஸிக்குப் படிக்கத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஜெப்ஸி, நான் இந்த மாதிரி ஒரு வகுப்பு பாத்ததே இல்ல" என்றாள் மாளவிகா. "ஆரம்பத்துல நேரம் போயிடுச்சு, அதுக்கு மார்க் குறையும். ஆனா நீங்க ஒரு தடவைகூட செஞ்சு காட்டல, வாயாலயே நடத்தினீங்க. அந்த அம்மாவோட முதுகைக் கடைசி வரைக்கும் விடல. முக்கியமா, ஒரு ஆர்டர்கூடப் போடல. எல்லாமே வேண்டுகோள்."

உண்மைதான். எல்லாமே வேண்டுகோள்தான். விலாசம் மட்டும் கொஞ்சம் மேலே.

"பாஸ்" என்றாள் மாளவிகா. பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "அந்த வரன் விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றாள்.

ஜெப்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே டிக்சன் பைக்கை வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும், அங்கிருந்தே பெரிசாக ஒரு மூச்சு விட்டார். உமாராணி மாளவிகாவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, மஸ்கோத்து அல்வா சாப்பிட்டுட்டுத்தான் போணும், இடுப்பெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று கீழே இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கிருபை டீச்சர் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. ஜெப்ஸி ஒவ்வொரு பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நடுப்பாய்தான் மிச்சம்.

"ஏளா ஜெப்ஸி" என்றார் டீச்சர். குரலில் தேன் இல்லை, போர்டில் எழுதுகிறபோது பேசுகிற குரல். "நான் இன்னும் வியாதிக்காரங்களுக்கே வரல. தேசத் தலைவர்கள் பாக்கி, விதவைகள் பாக்கி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமப் பாதியில வாங்கிட்டியே. ஏன்ளா அப்படிச் செஞ்ச?"

ஜெப்ஸி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"போர்ஷன் முடியல டீச்சர்."